வெள்ளக் குறி: ஒரு பரிசீலகரின் நாட்குறிப்பு

டிசம்பர் 3, 2024

ஆறுகளிலும் கால்வாய்களிலும் ஓடும் நீரை அளப்பதற்கான உலகத் தரங்களை வகுப்பது, ஐ.எஸ்.ஓ. எனப்படும் சர்வதேச தர நிர்ணய அமைப்பின் 113ஆம் தொழில்நுட்பக் குழு. அதன் செயலகப் பொறுப்பு இந்திய தர நிர்ணய அமைவனத்திடம் உள்ளது. இக்குழுவின் வரைவுகளைப் படித்துக் கருத்துரைப்போர் அதற்கு ஊதியம் பெறுவதில்லை. செங்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரிடம் அத்தகைய வரைவொன்று படிக்கப்படாமல் கிடந்தபோதுதான், ஃபெஞ்சல் புயலின் எச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட, செப்டம்பரில் திறப்பு விழா கண்ட அகரம்பள்ளிப்பட்டு–தொண்டமானூர் பாலம் தென்பெண்ணையோடு போயிற்று.

டிசம்பர் 4

மின்சாரம் இல்லை.

டிசம்பர் 9

அப்பாலம் விநாடிக்கு 54,417 கன அடிக்கு வடிவமைக்கப்பட்டது என்பது அரசுத் தரப்பு விளக்கம். அந்த எண்ணைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்வதற்கில்லை. ஆனால் அளவீட்டு நிலையமே இல்லாத சிற்றாறுகளுக்கு, 1884இல் ரைவ்ஸ் வகுத்த சூத்திரம், அதாவது நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு குணகத்தால் பெருக்கும் முறை, தமிழ்நாட்டில் நெடுங்காலமாகக் கைகொடுத்து வருகிறது. கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் குணகம் 6.8, 80 முதல் 160 வரை 8.5; மலையோரக் குறும்பகுதிகளுக்கு 10.2. செங்கம் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியும், அதே வேளையில் ஜவ்வாது மலையின் அடிவாரத்திலும் இருப்பதால், பிந்தைய இரண்டுமே அதற்குப் பொருந்தும். 8.5ஐ விட்டு 10.2ஐக் கொண்டால் வெள்ளத்தின் அளவு 20 சதவீதம் கூடும். மலையோரம் எங்கே முடிகிறது என்பதைச் சூத்திரம் சொல்வதில்லை, மேசையில் உட்கார்ந்திருப்பவர் சொல்கிறார். எரிச்சலே மிஞ்சுகிறது.

டிசம்பர் 15

வரைவு பேசுவது சரிவு–பரப்பு முறையை: வெள்ளம் வடிந்த பின், கரையில் அது விட்டுச்சென்ற குறிகளைக் கொண்டு நீர்மட்டத்தின் சரிவையும் ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பையும் கணித்து, படுகையின் சொரசொரப்பைக் குறிக்கும் மானிங் குணகத்தையும் சேர்த்து, உச்ச வெள்ளம் எவ்வளவு என்று பின்னோக்கிக் கண்டறிவது. பெருவெள்ளத்தில் நீரோட்டமானியை இறக்க ஆள் கிடைக்காதாகையால், பல இடங்களில் இதை விட்டால் வழியில்லை.

செய்யாற்றங்கரையில் நொச்சிப் புதரொன்றில், ஆளுயரத்துக்கு மேல், வைக்கோலும் பாலித்தீன் பையும் சிக்கியிருந்தன. பரிசீலகர் அளவுநாடாவை விரித்தபோது பக்கத்து நிலத்துப் பெரியவர் குறுக்கிட்டார்: "அத நம்பாதீங்க சார். தண்ணி வந்தப்ப செடி படுத்துக்கிச்சு, வடிஞ்சதும் நிமிந்துக்கிச்சு. அம்மாம் ஒசரம் தண்ணி வரல." அவர் காட்டியது பம்புசெட் அறைச் சுவரில் படிந்திருந்த சேற்றுக் கோடு. இரண்டுக்கும் இடையே ஒரு முழம் வித்தியாசம்.

டிசம்பர் 16

வரைவு தரும் வெள்ளக் குறிகளின் பட்டியலில், செடிகளில் சிக்கிய குப்பை எந்த நிபந்தனையுமின்றி இடம்பெற்றிருக்கிறது. கருத்துப் படிவத்தில் பிரிவு எண், கருத்தின் வகை (பொது, தொழில்நுட்பம், நடை), கருத்து, முன்மொழியும் மாற்று வாசகம், செயலகத்தின் குறிப்பு எனக் கட்டங்கள் உண்டு; மாற்று வாசகம் இல்லாத கருத்து கரையேறுவது அரிது. வளையும் தண்டுடைய செடிகளில் உள்ள குறியை, அருகில் அசையாப் பொருளில் உள்ள குறியோடு ஒப்பிட்ட பின்னரே ஏற்கலாம் என்று எழுதப்பட்டது. யார் சொன்னது என்பதற்குப் படிவத்தில் கட்டமில்லை. அன்று மாலை மனம் லேசாக இருந்தது.

ஜனவரி 6, 2025

எதுவும் எழுதப்படவில்லை.

ஜனவரி 19

படிவத்தில் சேர்த்திருந்த மலையோரக் குணகம் பற்றிய கருத்து வரைவின் வரம்புக்குப் புறம்பானது என்று சகப் பரிசீலகர் ஒருவர் சுட்டினார். அவர் சொல்வது சரி; அதனால்தான் தாங்கிக்கொள்வது கடினம். இந்த வரைவு அளப்பதைப் பற்றியது, வடிவமைப்பைப் பற்றியதன்று.

பிப்ரவரி 2

வரைவு நிறைவேற, வாக்களிக்கும் பங்கேற்பு உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கின் ஆதரவு வேண்டும். எதிர்வாக்குகளும் மொத்த வாக்குகளில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. செயலகத்தின் குறிப்புக்கான கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

ஓடையொன்றின் குறுக்கே சிறுபாலத்துக்கு மதிப்பீடு தயாரிக்கும் இளம் பொறியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, 8.5 போடுவதா 10.2 போடுவதா என்று கேட்டார். ஓடைக்கரையில் இருப்பது யாருடைய நிலம் என்று பரிசீலகர் திருப்பிக் கேட்டதற்கு, "அது எஸ்டிமேட்டுக்குத் தேவையில்லையே சார்" என்றார்.