துடைக்கும் முன் படியெடுக்கவும்



திருமழபாடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நந்தி கல்யாணம் நினைவுக்கு வரும். வேலைக்காலத்தில் பாதியைப் பதிவறையில் கழித்த எனக்கு, எங்கள் வைத்தியநாத சுவாமி கோயில் கல்வெட்டுச் செய்தி ஒன்றுதான் முதலில் நினைவுக்கு வரும். ராஜராஜ சோழன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறக்குறைய 1013இல், இந்தக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னான். அவன் மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில், ஏறக்குறைய 1026இல், அந்தப் புத்தகத்தைப் பார்த்து மறுபடியும் கல்லில் வெட்டினார்கள்.

நடுவில் சுமார் 13 வருடம். அத்தனை நாளும் கோயிலுக்கு யார் என்ன நிலம் விட்டார், எந்த விளக்குக்கு யார் பொறுப்பு என்ற கணக்கெல்லாம் அந்த ஒரு புத்தகத்தில்தான் இருந்தது. அது தொலைந்திருந்தால் கோயில் நிலத்தை யாராவது தன் நிலம் என்று உழுதிருப்பார். அதைப் பத்திரமாக வைத்திருந்த கணக்கர் யாரோ, அவரை என் துறைக்காரராகவே நினைத்துக்கொள்வேன்.

இதை இப்போது எழுதக் காரணம், பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை பேரன். பொங்கலுக்கு வந்தவனிடம், "என்னப்பா வேலை?" என்று கேட்டேன். "பேர் மெட்டல் சர்வர் தாத்தா. குடிவைப்பது, காலி செய்வது, கழுவிவிடுவது" என்றான். வீட்டுத் தரகர் வேலை போல இருக்கிறதே என்றேன். "அதேதான், ஆனால் ஆள் போக வேண்டாம், எல்லாம் தானாக நடக்கும்" என்றான்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் எழுதுகிறேன். பெரிய கம்ப்யூட்டர் ஒன்றைப் பல பேருக்குக் கூறுபோட்டு வாடகைக்கு விடுவது ஒரு முறை. இது ஒண்டுக் குடித்தனம். முழு இயந்திரத்தையும் ஒருவருக்கே விடுவது இன்னொரு முறை. அதற்குத்தான் பேர் மெட்டல், வெறும் இரும்பு, என்று பெயர். அப்படிப்பட்ட இயந்திரங்கள் ஒரே கூடத்தில் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்குமாம். ஒவ்வொன்றாகச் சிடி போட்டு ஏற்பாடு செய்ய ஆள் கட்டாது.

ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் வாயிற்காவலன் போலச் சின்னதாய் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. இயந்திரம் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். மேலிருந்து நிர்வாகம் செய்யும் மென்பொருள் அதனிடம் "எழுப்பு" என்று சொல்லும். இயந்திரம் எழுந்து, வலைப்பின்னல் வழியாக ஒரு தற்காலிக நிரலை வாங்கி நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அந்த நிரல் வட்டு எத்தனை, நினைவகம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும். பிறகு புதுக் குடித்தனக்காரர் கேட்ட ஏற்பாட்டை வட்டில் எழுதிவிட்டு விலகிவிடும். இதைச் செய்யும் மென்பொருள்களில் ஒன்றின் பெயர் அயர்னிக். 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் திட்டத்தில் வளர்ந்தது. ஜெனீவா அருகே பிரெஞ்சு எல்லையில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடமும் இதைப் பயன்படுத்துகிறது.

குடித்தனக்காரர் காலி செய்ததும் அந்தத் தற்காலிக நிரல் மறுபடி வந்து வட்டைத் துடைக்கும். துடைப்பதில் வகைகள் உண்டு. பேரேட்டின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது ஒன்று. உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும், தேடத் தெரிந்தவன் படித்துவிடலாம். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் எழுதி மறைப்பது இன்னொன்று. நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 4 டெராபைட் வட்டுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றையும் பூட்டெழுத்தில் எழுதி வைத்து, கடைசியில் சாவியை மட்டும் அழித்துவிடுவது. ஒரு கணத்தில் வேலை முடிந்தது.

துடைப்பது பாதியில் தவறினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அந்த இயந்திரத்தை ஒதுக்கி வைத்துவிடும் தாத்தா. சரிபார்க்காமல் அடுத்தவருக்குப் போகாது" என்றான். இது நல்ல அலுவலக ஒழுங்கு.

எங்கள் அலுவலகத்தில் கோப்பு முடியும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுவோம். எல்.டிஸ். என்றால் ஒரு வருடம், கே.டிஸ். மூன்று, டி.டிஸ். பத்து, ஆர்.டிஸ். நிரந்தரம். அழிப்பது முறைப்படி நடக்க வேண்டிய வேலை, சோம்பேறித்தனத்தில் நடப்பது அல்ல. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சில் ஓர்தினாத்தர் என்று பெயர். 1955இல் ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் ஐபிஎம் நிறுவனத்துக்காகச் சொன்ன சொல். உலகை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிக்க முன்பு வழங்கியது. எதை வைப்பது, எதை விடுவது என்று தெரிவதுதானே ஒழுங்கு.

இப்போது என் வீட்டு விஷயம். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல் என்று ஊரார் பலருக்கு என் பழைய கம்ப்யூட்டரில்தான் மனு எழுதிக் கொடுத்தேன். ஆதார் நகல், வங்கிப் புத்தகம், இறப்புச் சான்று எல்லாம் அதில் கிடந்தன. பழைய இரும்புக்காரர் 300 ரூபாய்க்குக் கேட்டார். பேரன் வரும்வரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

துடைப்பதற்கு முன் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கீழத்தெரு அம்மாள் ஒருவரின் கணவர் பெயரிலிருந்த கிரயப் பத்திர நகல் கிடைத்தது. மூலத்தைக் கரையான் தின்று வெகு நாளாயிற்று என்று அவர் சொல்லியிருந்தார். அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கி, கடைசிப் பக்கத்தில் கணவரின் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "பதிவு எண் தெரிகிறதா பாருங்கள் ஐயா" என்றார். தெளிவாகவே தெரிந்தது. அதை வைத்துப் பதிவுத் துறையில் சான்றிட்ட நகலுக்கு மனுவும் எழுதிக் கொடுத்தேன்.

என்னிடம் ஒரு படி இருக்கட்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்தக் காகிதம் அவருடையது, என்னிடம் இருந்தது இரவல்தான். வேலை முடிந்தபின் பிறர் விவரத்தை அழித்துவிட வேண்டும் என்று நிறுவனங்களுக்கு 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. மனு எழுதும் கிழவனுக்கு அந்தச் சட்டம் வேண்டியதில்லை, மனசாட்சி போதும். விளக்கு வைக்கும் நேரத்தில் பேரன் துடைக்கத் தொடங்கினான். நாங்கள் படுக்கப் போகும்வரை ஓடியது.

ஆகவே, பழைய கம்ப்யூட்டர், செல்போன் எதையாவது விற்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குப்பைத்தொட்டியில் போட்டுக் காலி செய்தால் அழிந்துவிட்டது என்று நம்பாதீர்கள், அது பொருளடக்கத்தைக் கிழிப்பது மட்டுமே. வேண்டியதை முதலில் படியெடுங்கள். எடுத்த படி திறக்கிறதா என்று வேறொரு கருவியில் போட்டுப் பாருங்கள். அடுத்தவர் காகிதத்தை அடுத்தவரிடம் சேருங்கள். போனில் முழுவதையும் அழித்துப் புதிதாக்கும் வசதி அமைப்புகள் பகுதியிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் வட்டை விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து முழுவதும் மேலெழுதச் சொல்லுங்கள். தெரிந்தவர் கிடைக்காவிட்டால், வட்டை மட்டும் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடுங்கள். இரும்புக்காரர் 50 ரூபாய் குறைத்துக் கொடுப்பார், பரவாயில்லை.