தோல்விக்கு அஞ்சாத தலைவர்

நாம் மாணவராயிருந்த நாளில் ஒரு கிரிக்கெட் பந்தயம். தோல்வி எம்மை நெருங்கியதும், வெளிச்சம் போதாதென்று முறையிட்டு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டோம். "வெற்றி தோல்வியின்றி முடிந்தது" என்று வீட்டிற் கூறி மகிழ்ந்தோம். உண்மையிற் பந்து நன்றாகவே தெரிந்தது. பல்லாண்டுகளின் பின்னர் ஹரி ரைட் என்பாரின் வரலாற்றைப் படித்தபோதே அந்த மாலைப்பொழுது எம் நெஞ்சை உறுத்தத் தொடங்கிற்று.

ஹரி 1835 இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரிற் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தார் அமெரிக்காவிற் குடியேறினர். தந்தையார் ஊதியம் பெற்ற கிரிக்கெட் ஆட்டக்காரர். மகனும் அத்தொழிலையே கைக்கொண்டார். பின்னர் பேஸ்போல் ஆட்டம் அவரை ஈர்த்தது. மட்டையாற் பந்தை அடித்து, நான்கு தளங்களையும் சுற்றி வந்து ஓட்டம் பெறுவது அவ்வாட்டம். பந்தயமொன்றுக்கு ஒன்பது இன்னிங்ஸ்.

அந்நாளில் வீரருக்கு மறைவாகப் பணங் கொடுப்பதே வழக்கம். 1869 இல் ஹரியின் தலைமையிலிருந்த சின்சினாட்டி 'சிவப்புக் காலுறை' அணியோ, வீரர் யாவருக்கும் வெளிப்படையாகவே சம்பளம் வழங்கியது. தலைவருக்கு 1,200 டொலர். அணியின் தலைசிறந்த ஆட்டக்காரரான அவர் தம்பி ஜோர்ஜுக்கு 1,400 டொலர். அவ்வாண்டு முழுவதும் அவ்வணி தோல்வியே காணவில்லை.

1870 ஜூன் 14 ஆந் தேதி, புரூக்ளினில் அத்லாந்திக் அணியுடன் பந்தயம். ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் இரு பக்கமும் ஐந்து ஓட்டங்கள். எதிரணியினர் சமநிலையுடன் அமைய விரும்பினர். ஹரி தலையசைத்திருந்தால் தோல்வியறியாப் புகழ் அன்று குலைந்திராது. அவர் இசையவில்லை, ஆட்டம் தொடரவேண்டுமென்றார். பதினோராவது இன்னிங்ஸில் அவரது அணி முதலில் இரண்டு ஓட்டங்கள் பெற்றது. அத்லாந்திக் அணியோ மூன்று பெற்று, 8-7 என வென்றது.

அத்தோல்வி அவரை வீழ்த்திவிடவில்லை. பொஸ்டன் அணியை 1872 முதல் 1875 வரை தொடர்ந்து நான்கு முறை முதலிடத்திற்கு உயர்த்தினார். 1890 இல், பிலடெல்பியா அணியை நடத்திய காலத்தில், கண்ணொளி இழந்து பல மாதங்கள் வருந்தினார். பார்வை மீண்டதும் பணிக்குத் திரும்பினார். 1895 இல் மறைந்தார். 1953 இல் பேஸ்போல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது.

இன்று எம் வீட்டுச் சிறுவர் தோற்றுத் திரும்பும்போது, எத்தனை ஓட்டம் என்று நாம் முதலிற் கேட்பதில்லை. கடைசிப் பந்துவரை ஆடினீர்களா என்றே கேட்கிறோம். அக்கேள்விக்கு எம்மிடம் நல்ல விடை இல்லையென்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிட்டோம்.