மூச்சை மறைத்த மூன்று நாட்கள்

உடல் பருத்தவர்களைப் பற்றி ஊரிலே வழங்கும் வேடிக்கைப் பேச்சுகளுக்குக் குறைவில்லை. நாமும் இருபது ஆண்டுகளாக அவற்றைக் கேட்டு, உடன் சிரித்துப் பழகியவர்கள்தாம். கல்லூரியில் மாணவர் எமக்கு வைத்த பட்டப்பெயர் எமக்குத் தெரியும்; தெரியாதவர் போல் நடந்துகொள்ளவும் தெரியும். ஆனால் நாற்பத்தாறாவது வயதில், 168 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 121 கிலோ எடையுடன், நீரிழிவும் குருதியழுத்தமும் துணைவர, வகுப்பறை மாடிப்படியில் இருமுறை நின்று இளைப்பாற நேர்ந்தபோது அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

இரவுகளோ அதைவிட மோசம். எமது குறட்டை அடுத்த வீட்டுக்கும் கேட்கும். அது திடீரென நிற்கும். அதனுடன் மூச்சும் நிற்கும். பத்துப் பதினைந்து விநாடிகளின் பின் ஒரு திணறலோடு மீண்டும் தொடங்கும். தொண்டையைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தவர்களுக்கு உறக்கத்தில் காற்றுவழி அடைபடுவதால் நேர்வது இது. உறங்கும் நாம் இதனை அறியோம், இல்லத்தரசியார் அறிவார். எத்தனையோ இரவுகள் எமது நெஞ்சு எழுந்து தாழ்வதைப் பார்த்தபடியே அவர் விழித்திருந்தார் என்பது பின்னரே எமக்குத் தெரிந்தது.

ஈற்றில் கொழும்பிலுள்ள ஒரு வைத்தியசாலையில், இரைப்பையைச் சுருக்கும் சத்திரசிகிச்சை செய்துகொள்வதெனத் தீர்மானித்தோம். உறவினர் ஒப்பவில்லை. "வாயைக் கட்டத் தெரியாதவன் வயிற்றை வெட்டப் போகிறானாம்" என்றார் எமது தமையனார். இது அழகுக்காகச் செய்யும் காரியமன்று என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னோம். அமெரிக்காவின் அயோவாவில் எட்வேர்ட் மேசன் என்னும் அறிஞர் 1966ஆம் ஆண்டிலேயே இத்துறைக்கு வழிகாட்டியதையும், இந்திய நிதியமைச்சராயிருந்த அருண் ஜெட்லி 2014இல் நீரிழிவின் பொருட்டு இவ்வகைச் சிகிச்சை பெற்றதையும் சொன்னோம். தமையனார் அசையவில்லை. சிகிச்சை பற்றி எந்தக் குறையையும் இவர் காதில் விழவிடுவதில்லை என்று அன்றே மனத்துள் உறுதி செய்துகொண்டோம். அந்த உறுதிதான் பின்னர் எம் உயிருக்கே உலைவைக்கப் பார்த்தது.

வயிற்றில் சிறு துளைகளிட்டு, கமரா பொருத்திய குழாயின் உதவியோடு இரைப்பையின் முக்காற் பங்குக்கு மேல் அகற்றிவிட்டார்கள். எஞ்சியது ஒரு வாழைப்பழ வடிவான பை. மயக்கம் தெளிந்ததும் நாம் முதலில் உணர்ந்தது வலியையன்று; மூச்சுப் போதாமையையே. நெஞ்சின் மேற்பாதி மட்டும் வேலை செய்வது போலிருந்தது. இஃது எதிர்பார்த்ததே என்று வைத்தியர் விளக்கினார். மயக்கமருந்தினாலும், படுத்தே கிடப்பதாலும், வலிக்கு அஞ்சி மேலோட்டமாகச் சுவாசிப்பதாலும் நுரையீரலின் அடிப்பாகத்துச் சிறு காற்றறைகள் சுருங்கிவிடுகின்றன; பருத்த வயிறு உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுவதால் பருமனானவர்களுக்கு இது அதிகம்; சுருங்கிய அறைகளை விரிக்காவிட்டால் சளி தேங்கிக் காய்ச்சல் காணலாம் என்றார்.

அதற்கான வைத்தியம் மிக எளியது. தாதியார் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, மூன்று சிறு பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்ரிக் கருவியைக் கையில் தந்தார். குழாயை வாயில் வைத்துக் காற்றை ஆழமாக உள்ளே இழுத்தால் பந்துகள் மேலெழும். முதல்நாள் ஒரு பந்துதான் எழுந்தது. இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார். அன்று மாலையே எழுப்பி நடக்க வைத்தார்கள். இரவில் உறக்கத்தில் காற்றைச் செலுத்தும் முகமூடியும் பொருத்தினார்கள். மூன்றாம் நாள் இரண்டு பந்துகள் எழுந்தன. ஒரு முழு வசனத்தைத் தடையின்றிச் சொல்ல முடிந்தபோது எமக்குண்டான மகிழ்ச்சியை, பேசிப் பிழைக்கும் தொழிலினர் நன்கறிவர்.

ஐந்தாம் நாள், நெடுந்தூரம் காரில் பயணித்து நிலாவெளிக்குத் திரும்பினோம். இடையிடையே இறங்கி நடக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரே ஒருமுறைதான் இறங்கினோம். குருதி உறையாதிருக்க நாள்தோறும் வயிற்றுத் தோலின் கீழ் ஏற்றும் ஊசியையும் தந்துவிட்டிருந்தார்கள். இரண்டு நாள் அதனைப் பஞ்சியினால் தவிர்த்தோம். இவை எமது தவறுகளேயன்றி வேறெவருடைய தவறுமல்ல.

பத்தாம் நாட் காலை, புறாத்தீவு எதிரே தெரியும் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தோம். நூறடி போகுமுன் மூச்சு முட்டியது. இடது கெண்டைக்கால் சற்று வீங்கி நொந்தது. ஆழமாக மூச்செடுத்தால் வலப்பக்க விலாவில் ஊசி குத்தியது. 'உணவில்லாத பலவீனம்' என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். மறுநாள் தமையனார் பார்க்க வந்தார். சாய்வுநாற்காலியிலிருந்து எழாமலே, "மிக நன்றாயிருக்கிறோம்" என்றோம். நாற்காலியிலிருந்து எழுந்தால் இளைப்பது தெரிந்துவிடுமல்லவா? மூன்று நாட்கள் இவ்வாறு நடித்தோம்.

பன்னிரண்டாம் நாளிரவு இல்லத்தரசியாரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எம்மை உற்றுப் பார்த்தார்.

"ஒரு வசனம் முடிக்க மூன்று தரம் மூச்செடுக்கிறீர்கள். இது களைப்பில்லை" என்றார்.

"நாளைக்குப் பார்ப்போம். அண்ணர் அறிந்தால்..." என்று இழுத்தோம்.

"அண்ணர் அறியட்டும். நீங்கள் இருந்தால் போதும்" என்று சொல்லியபடியே 1990 என்ற இலக்கத்தை அழைத்தார். 'சுவசரிய' அம்புலன்ஸ் வந்தது. அதிலேயே ஒட்சிசன் தந்தார்கள். ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள திருகோணமலை நகரை அடைவதற்குள், வாழ்நாளில் கற்பித்த பாடங்களெல்லாம் மறந்து அடுத்த மூச்சு ஒன்றே நினைவாயிருந்தது.

ஸ்கான் பரிசோதனையில் உண்மை புலப்பட்டது. காலின் குருதிநாளத்தில் உறைந்த கட்டி பிரிந்து, இருதயத்தின் வழியே சென்று, நுரையீரலின் ஒரு கிளைநாளத்தை அடைத்திருந்தது. சத்திரசிகிச்சையின் பின் நடமாட்டம் குறைவதாலும், காயம்பட்ட உடலில் குருதி எளிதில் உறைவதாலும், பருமன் இயல்பாகவே இதற்கு இடங்கொடுப்பதாலும் இஃது ஏற்படுகிறது. கட்டி பெரிதாயிருந்தால் நிமிடங்களிலே உயிர் போகவும் கூடும். "மூன்று நாள் ஏன் பேசாமலிருந்தீர்கள்?" என்று வைத்தியர் கேட்டார். பட்டதாரி ஆசிரியராகிய எம்மிடம் அதற்கு மறுமொழி இருக்கவில்லை.

செய்தியறிந்து ஓடிவந்த தமையனார் ஏளனமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. கட்டிலருகே நின்று, எமது காலைத் தடவியபடி, "எனக்குப் பயந்தா சொல்லாமல் இருந்தாய், தம்பி?" என்று மாத்திரம் கேட்டார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் கண்டோம்.

வீடு திரும்பிய பின்னர், அயலிலுள்ள சுழியோடி ஒருவர் பார்க்க வந்தார். இளமையில் கடலட்டைக்காக ஆழ்கடலில் மூழ்கியவர். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சேர், தண்ணிக்குள்ளே மூச்சு முட்டினால் நாங்கள் வெட்கப்படுவதில்லை. உடனே மேலே வந்துவிடுவோம். வெட்கப்பட்டவன் மேலே வரமாட்டான்."

இத்தகைய சிகிச்சையை நாடும் அன்பர்களுக்கும், அவர்களைப் பராமரிக்கும் சகோதரிகளுக்கும் நாம் சொல்லக்கூடியது இதுவே. முதற் சில நாட்களில் மூச்சுக் குறைவதும், உள்ளே செலுத்திய வாயுவினால் தோள்பட்டை நோவதும் வழமை. நிமிர்ந்திருத்தலும், நடத்தலும், பந்துக்கருவியும் அவற்றை நாளுக்கு நாள் தணிக்கும். ஆனால் தேறிவந்த மூச்சு திடீரெனக் குறைந்தாலோ, நெஞ்சில் குத்து, ஒருகால் வீக்கம், இருமலில் குருதி, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலோ ஓர் இரவும் காத்திருத்தல் ஆகாது. காய்ச்சலும் வயிற்றுநோவும் நாடித்துடிப்பின் வேகமும் சேர்ந்தால், தைத்த இரைப்பையிலிருந்து கசிவு உண்டாகியிருக்கலாம். அதுவும் அவ்வளவு அவசரமானதே. மாதங்கள் சென்றபின் படியேறும்போது இளைத்தால், இரும்புச்சத்தோ பி12 உயிர்ச்சத்தோ குறைந்து சோகை பிடித்திருக்கலாம். அதற்குக் குருதிப் பரிசோதனை வேண்டும்.

நாம் ஆறு மாதம் மருந்து உட்கொண்டோம். இன்று ஓராண்டு கடந்துவிட்டது. எடை 84 கிலோ. குறட்டை பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆயினும் இல்லத்தரசியார் சில இரவுகளில் பழக்கத்தினால் விழித்து எமது நெஞ்சைப் பார்ப்பதுண்டாம். சென்ற வெள்ளிக்கிழமை தமையனாருடன் கோணேசர் ஆலயத்துக்குச் சென்றோம். மலைச்சரிவில் பாதிவழியில் சற்று மூச்சு வாங்கியது. மறைக்கவில்லை. "அண்ணா, கொஞ்சம் நிற்போம்" என்றோம். அவரும் எம்முடன் நின்றார்.