ஈயத்தில் பதிந்த வாய்மை

திருச்சியிலிருந்து காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து, நெ. 1 டோல்கேட், நொச்சியம் வழியாகத் துறையூர்ச் சாலையில் சென்றால் மண்ணச்சநல்லூரை அடைகிறோம். பொன்னி அரிசிக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர்பெற்ற ஊர் இது. நெல் அவியும் மணமே நம்மை வரவேற்கிறது. இங்கு நம் கருத்தைக் கவர்வது ஒரு சிறு பொருள்: இரும்பு எடைக்கல்லின் குழியில் அடைத்திருக்கும் ஈயம்.

கல்லின் எடை குறைந்தால் ஈயத்தைச் சேர்ப்பர். மிகுந்தால் சுரண்டி எடுப்பர். எடை சரியானபின் அரசு ஆய்வாளர் அந்த ஈயத்தின்மேல் முத்திரை குத்துவார். பின்னர் எவரேனும் ஈயத்தைத் தோண்டினால் முத்திரை சிதைந்து, களவு வெளிப்படும். எடைக்கற்களை 24 மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் சோதித்து முத்திரையிட வேண்டும் என்பது சட்டம். மின்னணுத் தராசுகளுக்கும் முத்திரை உண்டு. அவற்றுக்கு ஆண்டுதோறும் சோதனை.

ஈயத்தை வாய்மைக்குச் சான்றாக்கும் வழக்கம் மிகப் பழையது. ஐரோப்பிய நகரங்களில் துணியை அளந்து, தரம் பார்த்தபின், ஓரத்தில் ஈய வில்லைகள் இரண்டை மடித்து நசுக்கி முத்திரையிட்டனர். இங்கிலாந்தில் இதற்கென இருந்த அரச அலுவல் 1724-இல் ஒழிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியாரும் தம் சரக்குகளில் ஈய முத்திரை இட்டனர். நம் உறையூரின் மெல்லாடையோ அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்தது. முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கையேடு சொல்லும் 'அர்காரு' உறையூரே என்பது அறிஞர் பலர் கருத்து.

திருச்சபைக்கும் இம்முத்திரை அயலானதன்று. திருத்தந்தையரின் ஆணை மடல்களில் தொங்கிய ஈய வில்லையின் பெயர் 'புல்லா'. அப்பெயரே பின்னர் மடலுக்கும் ஆயிற்று. அதன் ஒருபுறம் புனித பேதுரு, பவுல் ஆகியோரின் திருமுகங்கள். மறுபுறம் திருத்தந்தையின் பெயர். 13ஆம் சிங்கராயர் 1886-இல் இந்தியத் திருச்சபையின் ஆட்சியமைப்பை நிறுவியதும், நம் திருச்சி மறைமாவட்டம் தோன்றியதும் இத்தகைய மடலாலேயே.

ஈயம் விலைமிக்க உலோகமன்று. நகத்தால் கீறினாலும் தடம் விழும். ஆயினும், ஆறு மாதம் உழைத்து விளைவித்த நெல்லைத் தராசில் ஏற்றும் ஏழை உழவனுக்கு அந்த மெல்லிய ஈயமே காவல். அவன் கையில் வேறு சான்று ஏது? கள்ளத் தராசு ஆண்டவருக்கு அருவருப்பு என்பதை மறைநூல் வழி அறிந்தவர்கள் நாம். உறுதிபூசுதலில் தூய ஆவியின் முத்திரையையும் பெற்றிருக்கிறோம். கடையில் நிறுக்கும்போதும், கூலி கொடுக்கும்போதும், நம் பிள்ளைகளுக்கு வாக்களிக்கும்போதும் அம்முத்திரை சிதையாதிருக்கிறதா என்பதை நாமே அன்றாடம் சோதித்துக்கொள்வோமாக!