சட்டி எங்கே

2024 நவம்பர் 24, ஞாயிறு

கேரட் வாங்கச் சந்தைக்குப் போனேன். அடுப்பு வாங்கிவிட்டு வந்திருக்கிறேன். பழைய இரும்புக் கடையில் கிடந்தது. வார்ப்பிரும்பு, நான்கு கால், முன்னால் சின்னக் கதவு. ஏதோ பங்களா இடித்ததில் வந்ததாம். எடை போட்டுத்தான் விலை. பேரம் பேச நினைத்தேன். மோட்டார் ரோடு வருவதற்கு முந்திய சாமானாக இருந்தால் மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து யாரோ தோளில்தானே ஏற்றியிருப்பார்கள். வாய் வரவில்லை. கேட்ட காசைக் கொடுத்துவிட்டேன். முட்டாள்.

கேரட் மறந்துவிட்டது.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு அவள் கட்டிலடியில் கங்குச் சட்டி. கதவு சாத்தி, ஜன்னல் இடுக்கில் துணி. தூக்கி வெளியே வைத்தேன். "நானும் உங்கப்பனும் நாப்பது வருசம் இத வச்சுத்தான் உறங்குனோம்." அவள் கை இரண்டும் பனிக்கட்டி.

நவம்பர் 27

அடுப்பு வந்து இறங்கியது. மூன்று ஆள். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். பேசவில்லை. சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே, "பெட்டிக்குள்ள தீய வச்சு யாருக்குத்தா காட்டப்போற?"

விளக்கை அணைத்துவிட்டு அடுப்புக்குள் டார்ச் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். பின்பக்க மூட்டில் ஒரு கோடு வெளிச்சம். இரும்பில் விரிசல் இல்லை, அடைப்பு உதிர்ந்திருக்கிறது. அதை அடைத்துவிடலாம். கதவிடுக்கில் தாள் துண்டு வைத்துச் சாத்தி இழுத்தேன். வெண்ணெயாக வந்துவிட்டது. கதவோரக் கயிறு மக்கிவிட்டது. கண்ணாடி நூல் கயிறு. மதுரையில்தான் கேட்க வேண்டும்.

சட்டி: கட்டிலடியில். எடுத்தேன்.

நவம்பர் 30

புதுச்சேரிப் பக்கம் புயல் கரையேறுகிறதாம். இங்கே மூடுபனி, ஓயாத காற்று. கரண்ட் மத்தியானம் போனது. தம்பி போனில், "எதுக்குக்கா இந்த வம்பு, நல்ல ஹீட்டரா ஒண்ணு வாங்கி அனுப்புறேன்." எதில் சொருக? அவன் சென்னையில் ஏசி போட்டுப் போர்த்திக்கொண்டு படுப்பவன்.

அப்புறம் கொஞ்சம் மட்டாகப் பேசியிருக்கலாம் என்று தோன்றியது.

டிசம்பர் 3

கொத்தனார் வந்தார். "நடு வீட்லயா டீச்சர்?" ஹால் மூலையைக் காட்டினேன். பலகைத் தடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி என்றேன். ஹால் பாதி போய்விடும் என்றார். போகட்டும். பலகைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர், பலகையை ஒட்டாமல், பின்னால் காற்று ஓட ஓர் அங்குலம் விட்டு. அந்த ஓர் அங்குலம் அவருக்குப் பிடிக்கவேயில்லை. "சுவருன்னா ஒட்டித்தான் இருக்கணும்." நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். பள்ளிக்கூடத்து ஸ்கேல். எனக்கே சிரிப்பு.

தரை சிமென்ட். அது ஒன்றுதான் எங்கள் வீட்டில் சரியாக இருக்கிறது. கதவுக்கு முன்னால் ஒன்றரை அடிக்குப் பாய், மிதியடி எதுவும் வரக்கூடாது.

முழங்கால் வலி.

டிசம்பர் 6

மூஞ்சிக்கல் வெல்டிங் பட்டறை. ஆறு அங்குலக் குழாய். பையன் ஜிஐ தகடை எடுத்துச் சுருட்டத் தொடங்கிவிட்டான். அது கூடாது தம்பி, துத்தநாகப் பூச்சு, சூடேறினால் புகையும், காய்ச்சல் வரும் என்றேன். "எல்லாரும் இதான் போடுறாங்க." அந்த எல்லாருடைய வீட்டுக்கும் போய்ப் பார்க்க ஆசை. கறுப்புத் தகடு என்று முடிவானது. கூரைக்குள் நுழையும் பகுதி மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இரட்டைக் குழாய், நடுவில் தீப்பிடிக்காத பஞ்சு. விலையைக் கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது.

திரும்பும்போது அரையாண்டுத் தாள் கட்டைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுபடி நடை.

சட்டி: கதவுக்குப் பின்னால். இடம் மாறியிருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

கூரையில் ஓட்டை போட்டார்கள். நம் வீட்டுக் கூரையை நாமே காசு கொடுத்து ஓட்டை போடுவது. தகரம் சுலபமாக விட்டது. உள்ளே மச்சுப் பலகை, தேக்கு, அப்பா அறைந்தது. இரட்டைக் குழாய்க்கும் மரத்துக்கும் சுற்றிலும் இரண்டு அங்குலம் வெற்றிடம் விட்டுத் தகரச் சட்டம். அறுத்த பலகைத் துண்டை அம்மா எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குழாய் மூட்டுகளை அந்தப் பையன் தலைகீழாக மாட்டியிருந்தான். மழைத்தண்ணீர்க் குழாய் மாதிரி நினைத்துவிட்டான். மேல் குழாயின் வாய் கீழ்க் குழாய்க்குள் இறங்கவேண்டும், அப்போதுதான் புகைத் தார் வடிந்தால் உள்ளேயே அடுப்புக்குப் போகும், இல்லையென்றால் சுவரில் வழியும். கழற்றி மாட்டினான். மூட்டுக்கு மூன்று திருகு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே செய்தான், ஆனால் சுத்தமாகச் செய்தான்.

டிசம்பர் 12

மழை. மழை. ஓட்டை ஒழுகுகிறது. குண்டானை வைத்திருக்கிறேன். டொக், டொக். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 14

அடைத்தாயிற்று. கூடவே குழாயை இன்னும் மூன்றடி உயர்த்தச் சொன்னேன். 7,000 அடி உயரத்தில் காற்று மெலிசு, பருப்பே குக்கர் இல்லாமல் வேகாத ஊர். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். புகை ஏறவும் இங்கே கூடுதல் உயரம் வேண்டும். தவிர, குழாய் வாய் கூரை முகட்டுக்கு இரண்டடி மேலே இருந்தால்தான் காற்று திருப்பி அடிக்காது.

அப்பா மே சீசனுக்கு முன்னால் அமெரிக்கத் துரைகளின் காட்டேஜ்களில் புகைக்கூண்டு சுத்தம் பண்ணப் போவார். திரும்பி வரும்போது பல் மட்டும் வெள்ளை. இன்று முழுக்க அது நினைவில்.

டிசம்பர் 16

முதல் தீ. நாலு குச்சி, காகிதம், அவ்வளவுதான். அரை மணி நேரம். புது அடைப்பு, புதுச் செங்கல், பெயின்ட் எல்லாம் மெல்ல மெல்லக் காய வேண்டும். பெயின்ட் நாற்றம் தாங்கவில்லை, எல்லா ஜன்னலும் திறந்து, தீ மூட்டியும் நடுங்கினோம். அம்மா கம்பளிக்குள்ளிருந்து, "இதுக்கா இம்புட்டு?"

எனக்கு மட்டும் சந்தோஷம். கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்த அந்தச் சின்னத் தீ. யாரிடமும் சொல்லமுடியாத சந்தோஷம்.

சட்டி: துணி மூட்டைக்குப் பின்னால். சூடாகவே இருந்தது. தலையணைக்கு ஒரு சாண் தூரம்.

டிசம்பர் 19

விறகு ஈரம். வாங்கின கட்டு முழுக்க. சீறுகிறது, நுனியில் நுரை தள்ளுகிறது. கண்ணாடி கறுத்துவிட்டது. வாட்டில் நல்ல விறகு, கனம், நின்று எரியும், ஆனால் வெட்டி ஒரு வருஷம் காயவேண்டும். இந்த ஊர்ப் பனியில் என்னத்தைக் காய. பைன் பிசின், கரி பிடிக்கும். யூகலிப்டஸ் எண்ணெய், குபீரென்று பிடித்துக்கொள்ளும்.

அப்பா கைகாட்டிய புல்வெளிகள் எல்லாம் இப்போது வாட்டில் காடு. தோல் பதனிடப் பட்டைக்காக வைத்தது, கட்டுக்கடங்காமல் மலையை விழுங்கிவிட்டது. எரித்தால் புண்ணியம் என்று சொல்லிக்கொள்கிறேன். சோலை மரக் கட்டை ஒன்றும் கலந்து வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கவும் செய்கிறேன்.

ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். 1 கிலோ 340. சுண்ணக்கட்டியில் எழுதி வைத்திருக்கிறேன். வாராவாரம் நிறுக்க வேண்டும், எடை இறங்குவது நின்றால் காய்ந்தது.

டிசம்பர் 20

புகை உள்ளேயே திரும்பிவிட்டது. மூடுபனி, காற்றில்லை, குழாய் ஜில்லென்று இருந்திருக்கிறது. இருமல். கண் எரிச்சல். அம்மா தன் அறைக்குள் போய்ப் படீரென்று கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தத்தில் நாற்பது வருஷம் இருந்தது.

வேண்டாம், வித்துவிடலாம்.

டிசம்பர் 21

முதலில் குழாய் வாயில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திச் சூடாக்கினேன். அப்புறம் பெரிய கட்டை அடியில், சுள்ளி மேலே, தீ உச்சியில். மேலிருந்து கீழே எரிந்தது. புகையே இல்லை. விற்கவில்லை.

அம்மா எட்டிப்பார்த்தாள். "தலைகீழா பத்த வைக்கிற."

தம்பி அனுப்பிய பார்சல். வெள்ளை டப்பா, உள்ளங்கை அகலம். கார்பன் மோனாக்சைடு அலாரம். ஹாலில், அடுப்பிலிருந்து ஆறடி தள்ளி மாட்டினேன். பட்டனை அமுக்கினால் காது கிழிகிறது. அவனை ஏசி என்று எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

டிசம்பர் 24

பூசைக்குப் போகவேண்டும். தீயை எரியவிட்டுப் போகலாமா? கதவு இறுக்கம், காற்று வழி குறைத்து... இல்லை. குறைத்துப் புகையவிட்டால்தான் குழாயில் தார் படியும். எரிந்து அணையட்டும் என்று பத்தரை வரை காத்திருந்தேன். அம்மா வரவில்லை, குளிர். சாமியார் பிரசங்கம் முழுக்க நான் வீட்டில்தான் இருந்தேன். கதவைத் திறந்ததும் முதலில் அவள் அறை. சட்டி இல்லை. சட்டி இல்லாதது அதைவிடப் பயம். எங்கே வைத்திருக்கிறாள்?

டிசம்பர் 26

இன்றும் சட்டி இல்லை. ஆனால் காலையில் அவளுக்குத் தலைவலி. நேற்றும் தலைவலி. "பனி" என்கிறாள்.

ஆகஸ்டில் சின்னப்பள்ளத்தில் அந்தப் பையன்கள். சிக்கன் சுட்ட கரி அடுப்பைக் குளிருக்கு விடுதி அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள். இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. அம்மாவிடம் அப்போதே படித்துக் காட்டினேன். "அதுக கூறுகெட்டதுக. நம்மது புகையே இல்லாத கங்கு." புகை இல்லாததுதானே அம்மா. புகை இருந்தால் இருமி எழுந்துவிடுவோமே.

இதை உரக்கச் சொன்னேனா, நினைத்தேனா, தெரியவில்லை.

டிசம்பர் 27

அவள் குளிக்கும்போது டப்பாவை ஹாலிலிருந்து கழற்றி அவள் அறையில், மாதா படத்துக்குப் பின்னால், தலையணை உயரத்தில் வைத்துவிட்டேன். திருட்டுத்தனம். கை நடுங்கியது.

டிசம்பர் 28

2.40. கத்தியது.

கதவில் தாழ்ப்பாள். இடித்தேன். திறந்தாள். தானாக எழுந்து நடந்து வந்து திறந்தாள், அதை எழுதி வைக்கிறேன். ஜன்னல், கதவு எல்லாம் திறந்து வாசலுக்குக் கூட்டிப்போனேன். புல் மேல் பனி மொறுமொறுவென்றது. வெறுங்கால். டப்பா உள்ளே கத்திக்கொண்டேயிருந்தது. சட்டி டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், மேலே அப்பாவின் தேக்குப் பலகைத் துண்டு, மூடியாக. ஒரு ஓரம் கருகியிருந்தது.

ஆட்டோவுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். காலை எட்டுக்கு வீடு. ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லை.

டிசம்பர் 29

பேசவில்லை. நானும்.

டிசம்பர் 30

பேசவில்லை. ஹாலில் அடுப்பு எரிந்தது. நான் மட்டும்.

டிசம்பர் 31

சட்டி: அவளே கொண்டுவந்து சமையலறையில் வைத்தாள். கழுவி. கவிழ்த்து.

அவள் கட்டிலை ஹாலுக்கு நகர்த்தினோம். அடுப்பிலிருந்து ஒன்பதடி. அளந்தேன். டப்பாவும் திரும்ப ஹாலுக்கு. ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி, தீயும் மூச்சு விடவேண்டும். "அந்த டப்பாவுக்கு என்ன பேரு?" என்றாள். சொன்னேன். "மோனா" என்று மட்டும் பிடித்துக்கொண்டாள்.

2025 ஜனவரி 4

சாம்பல் வாளியைப் பின்கட்டுப் பலகை மேல் வைத்திருந்தேன். மூடி போட்ட தகர வாளி, அள்ளி ஒரு நாள் ஆகிவிட்டது, ஆறிவிட்டது என்று நினைப்பு. அம்மா கையை மேலே காட்டிப் பார்த்து, குச்சியால் கிளறினாள். உள்ளே சிவப்பாக ஒரு கண். "ரெண்டு நா மூணு நா கெடக்கும்த்தா. கல்லு மேல வையி." புத்தகத்திலிருந்து எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் பலகை மேல் வைத்திருக்கிறேன்.

விறகையும் அவள்தான் பார்க்கிறாள் இப்போது. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிக் காதோரம் வைத்துக்கொள்கிறாள். மொத்தென்றால் ஈரம், கணீரென்றால் இந்தப் பக்கம். தராசு 1 கிலோ 210 என்கிறது. அவள் அதற்கு முன்பே சொல்லிவிட்டாள், இன்னும் ஆகலை என்று.

எரிச்சலாக வந்தது. நாற்பது நாளாக நான் அளந்துகொண்டிருக்கிறேன்.

ஜனவரி 11

குழாய் சுத்தம். பையன் கூரையில், கம்பி பிரஷ், கயிறு. கீழே நான், சாக்கு. ஈர விறகு எரித்த வாரங்கள் எல்லாம் உதிர்ந்தன. கறுப்புச் செதில், சில இடத்தில் தார் மாதிரி மினுமினுப்பு. இது உள்ளேயே தீப்பிடித்தால் குழாய் முழுக்கச் சிவந்து கூரைக்குப் போகும். இனி குளிர்காலத்தில் மாதாமாதம்.

கண்ணாடியில் பார்த்தேன். பல் மட்டும் வெள்ளை. அம்மா சீயக்காய் கரைத்துக்கொண்டு வந்தாள். தலையைத் தேய்த்துவிட்டாள், வலிக்க வலிக்க. "அவரு மாதிரியே நாறுற."

ஜனவரி 15

ஏரிப் பக்கம் உறைபனி. புல் எல்லாம் உப்பு தூவியது போல. அம்மாவின் கை சூடாக இருந்தது. தொட்டுப் பார்த்ததை அவள் கவனிக்காத மாதிரி இருந்தாள்.

ஜனவரி 16

2.40க்கு விழிப்பு. காரணம் இல்லை. தீ அணைந்து கங்கு மட்டும் கண்ணாடிக்குள். அடுப்புக் கதவு இறுக்கம். ஜன்னல் இரண்டு விரல். பாயில் வந்து படுத்தேன்.

"ஏத்தா."

அவளும் விழித்துத்தான் இருக்கிறாள்.

"மோனா சத்தமே போடலயே. செத்துப்போச்சா?"

எழுந்துபோய்ப் பட்டனை அமுக்கினேன். கத்தியது. தெரு நாய்கள் பதில் சொல்லின.

"சரி, உறங்கு" என்றாள்.