கிணற்றிலிருந்து கடலுக்கு



நம்ம வாசுதேவநல்லூரிலிருந்து தூத்துக்குடிக் கடலுக்கு பஸ்ஸில் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல். நமக்குத் தண்ணி என்றால் தலையணை, குளம், கிணறு, இவ்வளவுதான். ஆனால் ஒரு கடல் பயணத்துக்கான ஏற்பாடு எங்க தாத்தா தோட்டத்துக் கிணற்றில்தான் நடந்தது. அதில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் ஏழாம் வகுப்புக்குப் போகவிருந்த கோடை விடுமுறை அது. புதுச்சேரியில் இருக்கும் என் சித்தி மகள் ஊருக்கு வந்திருந்தாள். கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இருக்கிறாள். அந்தப் பிரிவு மாணவ மாணவிகள் புதுச்சேரியிலிருந்து காரைக்கால் வரை கடலோரமாகப் பாய்மரப் படகில் போய்த் திரும்புவார்கள். போக வர சுமார் 300 கிலோமீட்டர். அக்காவுக்கும் போக ஆசை. பெற்றோர் கையெழுத்து வேண்டும். சித்தப்பாவோ, "மாமா பார்த்து, நல்லா நீந்துறான்னு சொன்னாத்தான் கையெழுத்து" என்று சொல்லிவிட்டார். மாமா என்றது எங்க தாத்தாவை.

தாத்தா பரீட்சை வைத்தார். கிணற்றில் நிற்காமல் இருபது தடவை குறுக்கே போய் வரணும். அப்புறம் சுடிதாரோடு கால் மணி நேரம் மிதக்கணும். "மிதக்கிற சட்டை குடுப்பாங்க தாத்தா" என்றாள் அக்கா. "சட்டை உன்னை மிதக்க வைக்கும். பயத்தை யாரு மிதக்க வைப்பா?" என்றார் தாத்தா.

எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணி என்றாலே பயம். அதனால் படியில் உட்கார்ந்து லாரி டியூபைக் கயிற்றோடு பிடித்துக்கொள்வது என் வேலை.

சாயங்காலம் அக்கா பாடம் எடுப்பாள். அவர்கள் படகுக்கு வேலர் என்று பெயர். 27 அடி நீளம். பாயும் உண்டு, துடுப்பும் உண்டு. துடுப்பு மொத்தம் ஐந்து, ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு! அடியில் ஒரு பலகை இருக்கும். ஆழத்தில் இறக்கிவிட்டால் படகு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகாது. கரைக்கு வரும்போது மேலே தூக்கிவிடலாம்.

"எதிர்க்காத்து அடிச்சா எப்படிக்கா போவீங்க?" என்று கேட்டேன். "ஆடு மலை ஏறுறதைப் பார்த்திருக்கியா? நேரா ஏறாது, சாய்ஞ்சு சாய்ஞ்சு ஏறும். படகும் அப்படித்தான்" என்றாள். காலையில் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து நிலத்துக்குக் காற்று. நாம் அறிவியலில் படித்த நிலக்காற்று, கடற்காற்றுதான் இது. அதைப் பார்த்துத்தான் புறப்படும் நேரத்தையே முடிவு செய்வார்களாம். நான் அதை இரண்டு மார்க் கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன்.

போலைன் என்று ஒரு முடிச்சு போட்டுக் காட்டினாள். எவ்வளவு இழுத்தாலும் வளையம் இறுகாது. தாத்தா சிரித்துவிட்டார். "இது கன்னுக்குட்டி கழுத்துல போடுற முடிச்சுல்லா! இறுகினா கன்னு செத்துல்லா போகும்" என்றார். ஆளைத் தண்ணியிலிருந்து இழுக்கவும் அதே முடிச்சுதானாம். அன்றைக்கே நானும் கற்றுக்கொண்டு டியூபில் போட்டேன்.

ஒன்பதாம் நாள். தாத்தா மோட்டார் ரூமுக்குப் போயிருந்தார். பதினாலாவது தடவை வரும்போது அக்கா நடுக்கிணற்றில் "ஐயோ" என்றாள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. முகம் தண்ணிக்குள் போய் வந்தது. டியூப் என் கையில்தான் இருந்தது. ஆனால் கை வரவில்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் என் பெயரைக் கத்தின பிறகுதான் வீசினேன். பிடித்துக்கொண்டாள், இழுத்தேன். முடிச்சு அவிழவில்லை.

படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டே அக்கா சொன்னாள்: "தாத்தாகிட்ட சொல்லிராத பாப்பா. சொன்னா கையெழுத்து கிடைக்காது." சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. கடலில் மறுபடியும் பிடித்தால்? அங்கே டியூபைப் பிடித்திருப்பவளும் என்னை மாதிரி உறைந்து போனால்? விடியக்காலம் எழுந்து தாத்தாவிடம் எல்லாத்தையும் சொல்லிவிட்டேன். நான் உறைந்துபோனதை மட்டும் சொல்லவில்லை. அதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

அக்கா என்னோடு பேசவே இல்லை. தாத்தா திட்டுவார் என்று பயந்தோம். அவரோ, "கெண்டை பிடிக்கிறது தப்பில்ல. பிடிச்சா என்ன செய்யணும்னு தெரியாமப் போறதுதான் தப்பு. அதை மறைக்கிறது அதைவிடப் பெரிய தப்பு" என்றார். அப்புறம் மூன்று நாள் அதே பாடம்தான். மல்லாக்க மிதக்கணும், காலை நீட்டணும், கட்டைவிரலைத் தன் பக்கம் இழுக்கணும். அதற்குப் பிறகுதான் பரீட்சை. அக்கா பாஸ்! தாத்தா போனில், "கையெழுத்துப் போடுங்க மாப்பிள" என்றார்.

கிளம்பும்போது ஒரு பை எலுமிச்சை கொடுத்துவிட்டார். "குமட்டினா மோந்துக்கோ" என்றார். எலுமிச்சைக்கும் கடலுக்கும் பழைய உறவு உண்டு. அந்தக் காலத்தில் மாலுமிகளுக்கு ஈறில் ரத்தம் வடியும் ஸ்கர்வி நோய் வந்தது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வேறு வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சீக்கிரம் தேறினார்கள்.

அக்கா காரைக்கால் போய்ப் பத்திரமாகத் திரும்பினாள். பேசாமல் இருந்தவள் போன் பண்ணி, "படகுல ரெண்டு பேருக்குக் கெண்டை பிடிச்சுது பாப்பா, நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். அதிலேயே எங்க சண்டை தீர்ந்தது.

புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, கேரளத்தைச் சேர்ந்த தில்னா இருவரும் 56 அடி நீளமுள்ள தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகத்தையே சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பினார்கள். படகில் அவர்கள் இருவர் மட்டும்தான். அந்தப் பயணத்துக்காக மூன்று வருஷம் பயிற்சி எடுத்தார்களாம். செய்தியைப் படித்ததும் எனக்கு எங்க கிணற்றுப் படிதான் ஞாபகம் வந்தது.

இந்த வருஷம் நானும் கிணற்றில் இறங்கிவிட்டேன். இப்போது ஆறு தடவை குறுக்கே போவேன். டியூபைப் பிடித்துக்கொண்டு படியில் தாத்தா உட்கார்ந்திருப்பார்.

தோழிகளே, நீங்களும் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பெரியவர்கள் இல்லாமல் தனியாக இறங்காதீர்கள். படியில் ஒரு ஆளும், அவர் கையில் கயிறும் கட்டாயம் இருக்கட்டும்!