உழக்கு பெரிதா, ஆழாக்கு பெரிதா?

ஒன்பதாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள், இவ்வாண்டு சனிக்கிழமைதோறும் பள்ளிக்கு அடுத்த தெருவிலுள்ள சிறுவர் சிறுமியருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு வரை எல்லாம் நன்றாகவே நடந்தன. பின்னம் வந்ததும்தான் தொல்லை தொடங்கிற்று.

கரும்பலகையில் 1/4, 1/8 என்று எழுதி, "இவற்றுள் எது பெரியது?" என்று கேட்டோம். பதினோரு பேரில் ஒன்பது பேர் 1/8 என்றனர். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று, "நாலைவிட எட்டுப் பெரிசுதானே அக்கா?" என்று எங்களையே மடக்கினாள். அவளைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அதுவரை அவள் கற்ற எண்களெல்லாம் அப்படித்தானே நடந்துகொண்டன!

"கீழே உள்ள எண் பெரிதானால் பின்னம் சிறிது" என்று எழுதிப் போட்டு மனப்பாடம் செய்வித்துவிடலாம் என்றனர் எங்களுள் சிலர். கணக்குக் கற்பிக்கும் எங்கள் சகோதரி அதற்கு இசையவில்லை. "அந்த ஒரு வரியை மட்டும் கற்ற பிள்ளை, நாளை 1/4-ஐயும் 3/8-ஐயும் பார்த்தால் என்ன சொல்லும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆம், 3/8 அல்லவா பெரியது!

அடுத்த வாரம், தோழி ஒருத்தியின் பாட்டியிடம் படி, உழக்கு, ஆழாக்கு மூன்றையும் இரவல் வாங்கி வந்தோம். கிலோவும் லிட்டருமே அறிந்த அப்பிள்ளைகளுக்கு அவை விளையாட்டுச் சாமான்களாகவே தோன்றின. மணலை உழக்கால் அளந்து படியில் கொட்டச் சொன்னோம். நான்கு முறையில் படி நிறைந்தது. ஆழாக்கால் அளந்தபோது எட்டு முறை ஆயிற்று. "ஏன் எட்டுத் தடவை?" என்றோம். "இது சின்னது அக்கா, அதனால நிறையத் தடவை ஊத்தணும்" என்று அதே சிறுமி சொன்னாள். நாங்கள் வாய் திறக்கவில்லை. அவள் கரும்பலகையையும் ஆழாக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, தானே போய் 1/8-க்குக் கீழே ‘சின்னது’ என்று எழுதிவிட்டு வந்தாள்!

பாட்டி சொல்லியனுப்பிய செய்தியும் ஒன்று உண்டு. உழக்கு என்பது கால் படி. ஆழாக்கு அரைக்கால் படி. காலில் பாதி என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறதே! அரைக்காலில் பாதி வீசம், அதாவது 1/16. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த காலத்தில் ஓரணா என்பது வீசம் ரூபாய். கால் ரூபாய் நாணயமும் 2011-ஆம் ஆண்டு செல்லாததாகிவிட்டபடியால், இப்பிள்ளைகள் கடையில் கேட்கும் கால் கிலோ ஒன்றுதான் எங்களுக்கு எஞ்சிய துணை.

மூன்றில் ஒன்றுக்கு அளவுப் பாத்திரம் ஏது? அதற்கு ஒரே நீளமுள்ள ரிப்பன்களை மடித்துக் காட்டினோம். பெரியவர்களே தடுமாறும் இடம் இது. அமெரிக்காவில் 1980-களில் ஓர் உணவு நிறுவனம் 1/3 பவுண்டு இறைச்சி வைத்த பர்கரை விற்க முயன்றதாம். 1/4 பவுண்டு பர்கரைவிட அது சிறியதென்று எண்ணிப் பலர் வாங்க மறுத்தனர் என்று, அந்நிறுவனத்தை நடத்திய ஆல்ஃப்ரெட் டாப்மன் 2007-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியுள்ளார். மூன்றைவிட நான்கு பெரிது என்ற அதே கணக்கு!

ஆயினும் ஒரு பையன் விடவில்லை. "எங்க வீட்டுத் தோசையில பாதியைவிட ஓட்டல் தோசையில கால் பெரிசு" என்றான். உண்மைதானே! ஒரே அளவுள்ள முழுப்பொருளைப் பங்கிட்டால்தான் ஒப்பிட முடியும் என்பதை அவன் தோசையை வைத்தே விளக்கினோம். அன்று பாதி நேரம் தோசைக்கே போயிற்று.

கடைசியாக, "நூறில் ஒண்ணும் இருக்குமா அக்கா?" என்றாள் அச்சிறுமி. இருக்கும் என்றோம். 320-இல் ஒன்றுக்கு நம் முன்னோர் முந்திரி என்று பெயரிட்டிருந்தனர் என்றதும் எல்லாரும் சிரித்தனர். அந்த முந்திரியையும் 320 பங்காக்கினால் ஒரு பங்கு கீழ்முந்திரி. அது எத்தனையில் ஒன்று என்று பார்க்க, மணி அடித்த பின்னும் இரண்டு பேர் கரும்பலகையில் 320-ஐ 320-ஆல் பெருக்கிக்கொண்டிருந்தனர்.